அமெரிக்கா மூடியிருக்கும் நாட்கள்

எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று கோயிலில் தந்த பஞ்சாங்க நாட்காட்டி. மற்றது அமெரிக்கக் கடன் பத்திரச் சந்தை வருடத்தில் எந்தெந்த நாட்களில் மூடியிருக்கும் என்று சொல்லும் ஒற்றைத் தாள். அலுவலகத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்தது நான். நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி ஆணியில் மாட்டியது என் கணவர். ஒஸ்லோவின் புறநகரான இந்த ஹொல்ம்லியாவில் வேறு யார் வீட்டிலும் இப்படியொரு தாளுக்கு மஞ்சள் பூசியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஒஸ்லோ நகர மத்தியில் ஒரு நிதி நிறுவனத்தின் பின்பக்கத்தில் எனக்கு வேலை. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் முன்பக்கத்தில் இருப்பார்கள், நல்ல சட்டை போட்டிருப்பார்கள். அவர்கள் பேசி முடித்ததை ஒழுங்காகக் கைமாற வைப்பது எங்கள் பாடு. நியூயோர்க்கில் யாரோ ஒருவர் ஒரு கம்பனியின் கடன் பத்திரத்தை விற்றிருப்பார், எங்கள் ஆள் வாங்கியிருப்பார். பத்திரம் இங்கே வர வேண்டும், காசு அங்கே போக வேண்டும். அதற்கு முன் இரு தரப்பும் எழுதிய விவரங்கள் ஒரு எழுத்தும் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நான் தொலைபேசியை எடுப்பேன். கலியாணத் தரகு மாதிரியான வேலைதான், ஆனால் கடைசியில் யாரும் சாப்பாடு போட மாட்டார்கள்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று துருவாமல் இருக்க முடியாத ஆள் நான். திரையில் அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன நகரத்தின் பெயர் வரும். தண்ணீர்க் குழாய் போடக் கடன் கேட்டிருக்கும். நான் உடனே வரைபடத்தில் அந்த ஊரைத் தேடுவேன். ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம், நீண்ட வெறும் தெரு. அந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வருவதற்கு ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டும் யாரோ ஒருவரின் ஓய்வூதியக் காசு போகிறது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு சின்னத் திமிர் உண்டு.

அப்படி இருக்கும்போதுதான் போன மே மாதம் அமெரிக்கா விதியை மாற்றியது. அதுவரை கம்பனிகளும் நகரசபைகளும் வெளியிடும் பத்திரங்களுக்கு, விலை பேசிய நாளிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் கைமாற்றி முடித்தால் போதும். பங்குகளுக்கும் அப்படித்தான். அரசாங்கப் பத்திரங்கள் முன்பே ஒரு நாளில் முடிந்துவிடும். இனி எல்லாமே ஒரு நாளில் முடிய வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு சின்ன மாற்றம்! ஆனால் நியூயோர்க்கில் மத்தியானம் என்றால் இங்கே மாலை. அவர்கள் அன்று பின்னேரம் வாங்கி விற்றதை நாங்கள் மறுநாள் காலை வந்து ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. அன்றன்றே பார்க்க வேண்டும், பிழை இருந்தால் அன்றே பிடிக்க வேண்டும். ஆகவே என் வேலை நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்தரை ஆயிற்று.

என் கணவர் பேருந்து ஓட்டுகிறார். விடிய நாலு மணிக்கு வீட்டை விட்டுப் போய்விடுவார். பின்னேரம் திரும்பி வருவார், இரவு எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். முன்பு நாங்கள் இருவரும் மாலை ஐந்தரைக்கு ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். புதிய நேரம் வந்த பிறகு, நான் நகரத்துக்குப் போகும் ரயிலுக்காக ஹொல்ம்லியா மேடையில் நிற்கும்போது அவர் வேலை முடிந்து எதிர் மேடையில் இறங்குவார். நடுவில் தண்டவாளம். அவர் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். சில நாள் என் ரயில் முந்திவிடும். இரவு நான் வரும்போது அவர் நித்திரை, அவர் எழும்பும்போது நான் நித்திரை.

இது எங்களுக்குப் புதிது அல்ல. அதுதான் வலித்தது. நாட்டை விட்டு வந்த புதிதில் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவருக்கு இரவு, எனக்குப் பகல். கதவடியில் அவர் கையிலிருந்து பிள்ளையை நான் வாங்குவேன், பின்னேரம் என் கையிலிருந்து அவர் வாங்குவார். சூரியனே வராத மாதங்களில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் கிடையாது, பிள்ளையின் எடை மட்டும்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்துபோனது. ஒரு வீட்டில் இருந்துகொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காமல் வருடங்கள் போயின. தெற்கே வரும் பேருந்தில் ஏறியபோது இருவரும் ஒரு முடிவு எடுத்தோம். எங்கே என்ன வேலை கிடைத்தாலும், நாளுக்கு ஒரு நேரமாவது ஒன்றாகச் சாப்பிட வேண்டும். இதற்கு மேல் நாங்கள் ஒருவருக்கொருவர் பெரிதாக ஒன்றும் வாக்குக் கொடுத்ததில்லை. அதையும் அமெரிக்கா வந்து குழப்பியது.

சனி, ஞாயிறு மட்டும் கதைக்க நேரம் கிடைத்தது. அவர் சண்டை பிடிக்கிற ஆள் அல்ல. ஆனால் தன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைத் தூக்கிக்கொண்டு போனவன் யார் என்று அறியாமல் விடமாட்டார்.

"இஞ்சரும், அவையளுக்கு ஏன் இந்த அவசரம்?"

"விலை பேசி முடிஞ்ச பிறகு காசும் பத்திரமும் கைமாற எத்தினை நாள் எடுக்குதோ, அத்தினை நாளும் ரெண்டு பக்கத்துக்கும் பயம்தானே. இடையிலை ஒருத்தன் விழுந்திட்டான் எண்டால் மற்றவன்ரை கதி? அதுதான் நாளைக் குறைச்சவை."

"அப்ப ஏன் ஒரு நாள் விடுவான்? அண்டைக்கே குடுத்து முடிக்கிறதுதானே."

"அதையும் சில பேர் கதைக்கினம்."

"ஐயோ, வேண்டாம் எண்டு சொல்லும்!" என்று பதறினார், நான் ஏதோ வாஷிங்டனில் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்று கேட்டார். புதிதாக வரும் பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது உங்களிடம் இருக்கும் பழையதை யார் முழு விலைக்கு வாங்குவார்கள் என்றேன். தலையை ஆட்டினார், அடுத்த கிழமை திரும்பவும் அதையே கேட்டார். கோயில் அன்னதான வரிசையில் நின்றவர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். எல்லோரும் வட்டி ஏறினால் நல்லதுதானே என்று சொல்லியிருக்கிறார்கள். பெரும்பான்மை தன் பக்கம் என்று வந்து சொன்னார். இன்னொரு செய்திதான் அவரை உண்மையிலேயே ஆட்டிவிட்டது. அந்த நேரத்தில் அமெரிக்க அரசுக்குப் பத்து வருடத்துக்குக் கடன் கொடுப்பவனைவிட இரண்டு வருடத்துக்குக் கொடுப்பவனுக்குக் கூடுதல் வட்டி கிடைத்தது.

"கனகாலம் காத்திருக்கிறவனுக்குக் குறையவோ? இதென்ன நியாயம்?"

"இனி வட்டி இறங்கும் எண்டு எல்லாரும் நினைக்கினம். அதுதான் இப்பவே நீண்ட காலத்துக்குப் பிடிச்சு வைக்கப் பாக்கினம்."

"காத்திருக்கிறவனுக்கு எங்கையும் மரியாதை இல்லை," என்றார். பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டார். அவர் கடன் பத்திரத்தைப் பற்றித்தான் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

விடுமுறை நாட்களின் தாளை நான் கொண்டுவந்தது அதற்கு அடுத்த நாள். அமெரிக்கா மூடியிருக்கும் நாட்களில் எனக்குப் பழையபடி காலை வேலை, நாலு மணிக்கு வீடு. எங்கள் முதல் திருநாள் அவர்களுடைய சுதந்திர தினம். ஜூலை மாதம், பல்கனியில் நல்ல வெயில். அவர் சம்பா அரிசிச் சோறும் இறால் குழம்பும் வைத்தார். பக்கத்துப் பல்கனி நோர்வேக்காரப் பெண் இன்று என்ன விசேஷம் என்று கேட்டாள். அமெரிக்காவின் சுதந்திரம் என்று சொன்னேன். அவள் மரியாதையாக வாழ்த்துச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, புரைக்கேறி நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

செப்டெம்பரில் இன்னொன்று வந்தது. அதன் பிறகு ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. அந்த நாளைப் பார்க்கும்போதுதான் ஒரு புதினமான விஷயம் தெரிந்தது. அன்று கடன் பத்திரச் சந்தை மூடியிருக்கும், பங்குச் சந்தை திறந்திருக்கும். ஒரே நாடு, ஒரே தெரு, இரண்டு நாட்காட்டி. அலுவலகத்தில் நான் இதைச் சாதாரணமாகக் கடந்து போயிருந்தேன். வீட்டில் சொன்னபோது அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்ப அங்கையும் வாக்கியமும் திருக்கணிதமுமோ!"

யாழ்ப்பாணத்தில் பிறந்த சைவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு இரண்டு பஞ்சாங்கங்கள். சில வருடங்களில் ஒரே விரதம் ஒன்றில் இன்றைக்கு வரும், மற்றதில் நாளைக்கு வரும். அவர் வீட்டார் வாக்கியம், என் வீட்டார் திருக்கணிதம். கலியாணம் கட்டிய புதிதில் அவர் விரதம் இருந்த நாளில் நான் மீன் பொரித்து, மாமி என்னுடன் ஒரு கிழமை கதைக்கவில்லை. காலப்போக்கில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். எந்த வீட்டில் இருக்கிறோமோ அந்த வீட்டுப் பஞ்சாங்கம். மற்றவர்களின் நாள் மற்றவர்களுக்கு. அதில் நாங்கள் தலையிடுவதில்லை, அவர்களும் எங்களைக் கூப்பிடுவதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் பிழை விட்டோம். நான் பத்திரப் பகுதி. என் பஞ்சாங்கத்தில் அன்று விடுமுறை. பங்குக்காரர்களின் நாள் அவர்களுக்கு. இருவரும் இதில் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. அந்தத் திங்கள் எங்கள் கலியாண நாளுக்கு அடுத்த நாளாகவும் இருந்தது. கலியாண நாள் ஞாயிறு, அன்று கோயிலில் அவருக்கு அன்னதானப் பொறுப்பு. அதனால் திங்கள் மாலைதான் எங்கள் விருந்து என்று வைத்தோம். அவர் செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டார். நேரத்துக்கு நித்திரை கொள்ளத் தேவையில்லை, ஆறுதலாகச் சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கலாம் என்றார். கணவாய் மீன் வாங்கி வந்து தானே துப்புரவாக்கினார்.

திங்கள் பிற்பகல் நான் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது பங்குப் பகுதிப் பிள்ளை வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், என் மகளைவிடக் கொஞ்சம் மூப்பு. நான் 'கதைக்கிறேன்' என்றால் அவள் என்ன கதை என்று கேட்டுச் சிரிப்பாள், அவள் 'பேசுறேன்' என்றால் யாரை ஏசினாய் என்று நான் கேட்பேன். அன்று சிரிக்கவில்லை.

"அக்கா, இன்னைக்கு எங்க மார்க்கெட் ஓப்பன், ஆனா அங்க பேங்க் லீவு. வெள்ளிக்கிழமை வாங்கினதும் இன்னைக்கு வாங்குறதும் நாளைக்கு ஒண்ணா வந்து விழுது. ரூல் மாறினதுக்கு அப்புறம் இப்பதான் முதல் தடவை. ரெண்டு நாள் வேலையை நான் ஒருத்தியே எப்படிக்கா முடிப்பேன்?"

அவள் பின்னால் எங்கள் மேலாளர். நோர்வேக்காரர், குரலை உயர்த்தவே தெரியாதவர். உங்களால் முடிந்தால் மட்டும், முடியாவிட்டால் பரவாயில்லை, வேறு வழி பார்க்கிறோம் என்றார். கட்டளை போட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இப்படிக் கேட்பவரிடம் என்னத்தைச் சொல்வது? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் ஒன்றுக்கொன்று குறுக்கே வராமல் இருந்தது. இங்கே ஒன்றின் திருநாள் மற்றதன் தலையில் விழுகிறது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் குசினிக் காற்றாடியின் இரைச்சல் கேட்டது. கணவாய் அடுப்பில்.

"இண்டைக்கு வரேலாமப் போச்சுதப்பா. பங்குப் பக்கத்துக்கு ஆள் காணாதாம்."

காற்றாடி நின்றது. நிறுத்தியிருக்கிறார்.

"எத்தினை மணி மட்டும்?"

"பத்தரை."

"சரி," என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இத்தனை வயதில், பேரப்பிள்ளை பார்க்கிற காலத்தில், ஒரு கணவாய்க் கறிக்காக. ஆனால் கணவாய்க்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும். ஹம்மர்பெஸ்ட் வீட்டுக் கதவடியில் திரும்பவும் நிற்பதுபோல் இருந்தது. இம்முறை கையில் பிள்ளைகூட இல்லை.

ஆறு மணி தாண்டி என் தொலைபேசி அடித்தது. "கீழை நிக்கிறன்," என்றார்.

வரவேற்புக் கூடத்தில் வேலைக்குப் போடும் ஜாக்கெட்டோடு நின்றார். கையில் சுப்பர்மார்க்கெட் பை. உள்ளே துவாயால் சுற்றிய பாத்திரம். மேலே எங்கள் தளத்துக்கு வெளியாட்களை விட மாட்டார்கள். அங்கேயே மூலையில் இருந்த சோபாவில் இருந்தோம். புட்டும் கணவாய்ப் பிரட்டலும். மணம் கூடம் முழுக்கப் பரவியது. காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்கள் சாப்பிட்டியளோ?"

"உம்மோடை சாப்பிடத்தானே சமைச்சனான்."

வேலைத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அவசரமாகச் சாப்பிட்டேன். எந்த நேரமும் அது அடிக்கும், ஓட வேண்டும். அவர் ஆறுதலாகப் பிசைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தொலைபேசியைக் காட்டி, "ஏன் இது அடிக்கேல்லை?" என்றார்.

"இந்த நேரம் கொஞ்சம் ஓய்வுதான்."

"இண்டைக்கு மட்டுமோ?"

யோசித்தேன். "இல்லை. ஒவ்வொரு நாளும் இந்த நேரம் குறைஞ்சுதான் வரும். பிறகு ஏழு மணிக்குப் பிறகு திரும்ப ஏறும்."

"அங்கை இப்ப எத்தினை மணி?"

"பன்னிரண்டரை."

அவர் வாயில் புட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

மே மாதத்திலிருந்து ஒவ்வொரு மாலையும் திரையில் வரிசை மெலிவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் கோப்பி இயந்திரத்தைத் துடைத்திருக்கிறேன், பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன், சும்மா ஜன்னலால் தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதே நேரத்தில் ஹொல்ம்லியாவில் அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக ஒரு சோற்றுக் கோப்பையோடு இருந்திருக்கிறார். பதினைந்து நிமிட ரயில் பயணம்தான் இடையில். நாங்கள் இழந்துவிட்டோம் என்று நினைத்த நேரம் அங்கேயே, ஒருவரும் தொடாமல் கிடந்திருக்கிறது.

மறுநாள் மேலாளரிடம் போய், ஆறிலிருந்து ஆறரை வரை என்னுடைய சாப்பாட்டு நேரம் என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், வரைகோடு அந்த இடத்தில் பள்ளமாக இறங்கியிருப்பதைப் பார்த்தார், தாராளமாக என்றார். காவலர் இப்போது கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையைத் திறந்து விடுகிறார். அவருக்கும் ஒரு டப்பாவில் கறி வருகிறது. என் கணவர் ஒவ்வொரு நாளும் வருவதில்லை. பனியில் ரயில் நின்றுவிடும் நாட்கள் உண்டு, களைப்பில் அவர் கதிரையிலேயே உறங்கிப்போகும் நாட்களும் உண்டு. வருகிற நாட்களில் வட்டி ஏறினதோ இறங்கினதோ என்றுதான் முதலில் கேட்பார். பதில் விளங்கியதாகத் தலையாட்டுவார். கோயில் வரிசையில் இன்னும் தன் பழைய கட்சியில்தான் இருக்கிறார் என்று கேள்வி.

அமெரிக்காவில் இன்னும் புதிய விதிகளைப் பற்றிக் கதைக்கிறார்கள். அரசுப் பத்திரங்களை நேரே இருவர் கைமாற்றாமல் நடுவில் ஒரு பொது நிலையம் பொறுப்பெடுக்க வேண்டும் என்கிறார்கள், அது எங்களையும் வந்து தொடும். அன்றன்றே முடிப்பதைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை. நான் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். முன்பு ஆவலில் வாசித்தேன். இப்போது இதில் எங்கள் சாப்பாடு எங்கே இருக்கிறது என்றும் தேடுகிறேன்.

இந்த மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை. அமெரிக்கா கோடை காலத்துக்கு மணியை மாற்றிவிட்டது, ஐரோப்பா இன்னும் மாற்றவில்லை. சில கிழமைகளுக்கு இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு மணி நேரம் குறையும். அலுவலகத்தில் அதற்கேற்ப எல்லாவற்றையும் முன்கூட்டியே நான் மாற்றிவைத்திருந்தேன். சாப்பாட்டை மட்டும் மறந்துபோனேன். ஐந்து மணிக்குத் திரை மெலிந்தது. கோப்பி எடுக்கலாம் என்று எழும்பும்போது தொலைபேசி அடித்தது.

"கீழை நிக்கிறன். அங்கை மணி மாத்திப்போட்டினம் எல்லோ, இண்டைக்கு அவையளுக்கு ஒரு மணித்தியாலம் வேளைக்கே பசிக்கும்."

எனக்கும் பசித்தது.